மனக் கணக்கையும் அன்றன்றே முடிப்போம்!

இரவு 10 மணி. கடைசியாக வந்தவருக்கு அரைக் கிலோ சர்க்கரை கட்டிக் கொடுத்தாயிற்று. ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. கல்லாவைக் கொட்டி எண்ணுகிறோம். நோட்டு தனி, சில்லறை தனி, செல்போன் வழியாக வந்த தொகை தனி. சிட்டையோடு ஒத்துப் பார்த்தால் 38 ரூபாய் குறைகிறது. சரி, போகட்டும் என்று விட்டுவிடுகிறோமா? இல்லை. மறுபடி எண்ணுகிறோம். காலையில் தண்ணீர் கேன் போட்ட பையனுக்குக் கொடுத்ததை எழுத மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அதை எழுதி, கோடு கிழித்து, ரொக்க இருப்பைக் குறித்த பிறகுதான் பூட்டைக் கையில் எடுக்கிறோம். எத்தனை அலுப்பாக இருந்தாலும் அன்றைய கணக்கை அன்றே முடிப்பவன்தான் வியாபாரி. இது நமக்கு நம் முன்னோர் கற்றுக் கொடுத்த பாடம்.

ஆனால் அதே வியாபாரி வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காருகிறார். கை சோற்றைப் பிசைகிறது; மனமோ கடையில் இருக்கிறது. திரும்பி வந்த செக், விலை இறங்கும் பருப்பு, எதிரே திறந்திருக்கும் பெரிய கடை, கட்ட வேண்டிய வரி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. மகள் பள்ளிக்கூடத்து விஷயம் ஒன்றைச் சொல்கிறாள். அது காதில் விழவில்லை. இரண்டாம் முறை சொல்லும்போது எரிந்து விழுகிறார். படுத்தால் தூக்கம் இல்லை. விடிந்ததும் அதே அலுப்போடு கடைக்கு வந்து, முதல் வாடிக்கையாளரிடமே முகத்தைக் காட்டுகிறார்.

நம்மில் எத்தனை பேருக்கு இது அன்றாடக் கதை என்று மனத்தைத் தொட்டுச் சொல்லுங்கள்! பணக் கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் நாம், மனக் கணக்கை முடிக்காமலே எடுத்துக்கொண்டு போகிறோம். அதையும் கடையிலேயே முடித்துவிட்டுப் போக ஒரு வழி உண்டு. அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு நோட்டும் 5 நிமிடமும் போதும். அதைப்பற்றி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாதியில் நிற்கும் வேலை ஏன் அரிக்கிறது?

நூறாண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் பெர்லின் நகரில் குர்ட் லெவின் என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார். அவர் ஓர் உணவு விடுதியில் கவனித்ததாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. யார் யார் என்னென்ன சாப்பிட்டார்கள் என்பதை, எழுதி வைக்காமலே, பரிமாறுபவர் துல்லியமாக நினைவில் வைத்திருந்தாராம். ஆனால் பணம் கட்டி முடித்தவரின் கணக்கைச் சற்று நேரம் கழித்துக் கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லையாம். பாக்கி இருக்கும்வரை கணக்கு மனத்தில் நின்றது. பாக்கி தீர்ந்ததும் மனம் அதைத் துடைத்துவிட்டது.

லெவினின் மாணவியான புளூமா செய்கார்னிக் இதைச் சோதனை செய்து பார்த்து 1927-இல் முடிவுகளை வெளியிட்டார். பலரிடம் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்துச் சிலவற்றை முடிக்க விட்டார்; சிலவற்றைப் பாதியில் நிறுத்தினார். பிறகு கேட்டபோது, முடித்த வேலைகளைவிடப் பாதியில் நின்ற வேலைகளே அதிகம் நினைவில் இருந்தன. பின்னாளில் வேறு பலர் செய்த சோதனைகளில் இந்த நினைவு வித்தியாசம் எப்போதும் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதே குழுவைச் சேர்ந்த மரியா ஓவ்சியான்கினா என்பவர் கண்ட இன்னொன்று உறுதியாக நிற்கிறது. பாதியில் நின்ற வேலையை யாரும் சொல்லாமலே மறுபடி எடுத்து முடிக்கத்தான் மனித மனம் துடிக்கிறது.

இதை நாம் ஜெர்மனிக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ரொக்கம் கொடுத்துப் போன 50 பேரின் முகம் இரவில் நினைவுக்கு வருவதில்லை. ‘நாளைக்குத் தருகிறேன்’ என்று சொல்லிப்போன ஒருவரின் முகம்தான் வருகிறது. ஆக, இரவில் மனம் அரிப்பதை நம்முடைய பலவீனம் என்று எண்ணி வருந்த வேண்டாம். கணக்கு திறந்தே கிடக்கிறது என்று மனம் நமக்கு நினைவூட்டுகிறது, அவ்வளவுதான். நல்ல கணக்கப்பிள்ளை செய்கிற வேலை அது. ஆனால் அந்தக் கணக்கப்பிள்ளைக்கு நேரம் காலம் தெரிவதில்லை. நள்ளிரவு 1 மணிக்கு எழுப்பி, ‘அந்தப் பாக்கி என்ன ஆயிற்று?’ என்று கேட்கிறார். அந்த நேரத்தில் நம்மால் என்ன செய்ய முடியும்?

எழுதிவிட்டால் என்ன ஆகிறது?

வேலையை முடித்தால்தான் மனம் அமைதியாகும் என்றால் வியாபாரிக்கு ஆயுள் முழுவதும் அமைதி கிடைக்காது. வியாபாரத்தில் பாக்கி இல்லாத நாள் ஏது? நல்ல வேளையாக, வேறு வழி இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்களான மாசிகாம்போ, பாமைஸ்டர் ஆகிய இருவரும் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முடிக்காத காரியம் மனத்தில் குறுக்கே வந்து வேறு வேலையைக் கெடுக்கிறது என்பதை அவர்களும் கண்டார்கள். ஆனால் அந்தக் காரியத்தை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டவர்களுக்கு அந்தத் தொல்லை நீங்கியது. அவர்கள் காரியத்தை முடிக்கவில்லை. முடிக்கும் வழியை மட்டுமே தீர்மானித்தார்கள். அதுவே மனத்துக்குப் போதுமானதாக இருந்தது.

இதை ஒட்டி 2018-இல் டெக்சாஸ் மாநிலத்துப் பேய்லர் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்தார்கள். படுக்கும் முன் ஒரு சாரார் இனிச் செய்ய வேண்டிய வேலைகளை 5 நிமிடம் எழுதினார்கள். மறு சாரார் செய்து முடித்த வேலைகளை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். எவ்வளவுக்கெவ்வளவு விவரமாக எழுதினார்களோ, அவ்வளவுக்கவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது.

57 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அவர்களுக்குக் கடன் தொல்லையும் கடை வாடகையும் இருந்திருக்காது. எனவே இதைச் சர்வரோக நிவாரணி என்று சொல்வதற்கில்லை. புதுச் சரக்கு வந்தால் 1 பெட்டி மட்டும் வாங்கி விற்றுப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல 15 நாள் செய்து பாருங்கள். பலன் தெரிந்தால் தொடருங்கள்.

எழுதும் முறை

கணக்கு நோட்டில் எழுதாமல் தனியே ஒரு சிறு நோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ரொக்கக் கணக்கை முடித்த கையோடு, பூட்டை எடுக்கும் முன், கடையிலேயே உட்கார்ந்து எழுதுங்கள். படுக்கையில் உட்கார்ந்து எழுதினால் கடையைப் படுக்கைக்குக் கொண்டுபோனதாகிவிடும். பக்கத்தை 3 பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் என்ன கவலை, இரண்டாவதில் அடுத்து நான் செய்ய வேண்டிய ஒரு வேலை என்ன, மூன்றாவதில் எந்த நாள், எத்தனை மணிக்கு. இவ்வளவுதான்.

சில உதாரணங்களைப் பார்ப்போம்.

மெஸ் நடத்துபவர் கொடுத்த செக் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ‘ஏமாற்றிவிட்டானே’ என்று இரவெல்லாம் புரண்டால் பணம் வராது. இரண்டாம் பத்தியில் ‘நேரில் பார்த்துக் கேட்பது’ என்றும், மூன்றாம் பத்தியில் ‘நாளை பகல் 11 மணி’ என்றும் எழுதுங்கள். அதற்குக் கீழே இன்னொரு வரியும் தேவை. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தரவில்லையானால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். ஆகவே அந்த 30-ஆம் நாள் எந்தத் தேதியில் வருகிறது என்பதை எண்ணிக் குறித்துவிடுங்கள். கவலைப்பட்டே நாளை ஓட்டியவர் இந்தக் கெடுவைத் தவறவிட்டுவிடுவார். எழுதி வைத்தவர் தவறவிடமாட்டார்.

அடுத்தது கடன் பாக்கி. கொடுத்த சரக்குக்கு வர வேண்டிய பணத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான் காலவரம்பு. அந்தக் கெடு முடியும் முன், ‘இவ்வளவு தொகை பாக்கி உண்டு’ என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினால், அந்தத் தேதியிலிருந்து காலவரம்பு புதிதாகத் தொடங்கும். ஆகவே ‘பாக்கி வருமோ வராதோ’ என்று எழுதாமல், ‘பாக்கிச் சிட்டையில் கையெழுத்து வாங்குவது, வெள்ளிக்கிழமை மாலை’ என்று எழுதுங்கள்.

வரிக் கணக்கும் இப்படித்தான். ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்கள் 3பி படிவத்தை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. ‘ஜி.எஸ்.டி. டென்ஷன்’ என்று எழுதினால் பயனில்லை. ‘கொள்முதல் பில்களை அடுக்கி ஆடிட்டர் அலுவலகத்தில் கொடுப்பது, 8-ஆம் தேதி’ என்று எழுதினால் அந்தக் கவலைக்கு ஒரு கோடு கிழித்தாயிற்று.

இனி, நம் கையில் இல்லாத கவலைகள். துவரம் பருப்பு விலை இறங்குகிறது. கிடங்கில் 12 மூட்டை கிடக்கிறது. சந்தை விலையை நம்மால் பிடித்து நிறுத்த முடியாது. எனவே ‘விலை நம் கையில் இல்லை’ என்றே எழுதுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல், நம் கையில் உள்ளது எது என்று தேடுங்கள். இந்த வாரம் புதுக் கொள்முதலை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. பக்கத்திலுள்ள 2 ஓட்டல்களில் 4 மூட்டைக்கு விலை பேசிப் பார்ப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. எதிரே சூப்பர் மார்க்கெட் திறப்பதைத் தடுக்க முடியாது. ஆனால் மாதச் சாமான் வாங்கும் 20 குடும்பங்களின் பட்டியல் எடுத்து, ஒன்றாம் தேதிக்கு முன் ஒவ்வொருவரிடமும் பேசி, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

திருக்குறளில் ‘இடுக்கண் அழியாமை’ என்பது 63-ஆம் அதிகாரம். துன்பம் வரும்போது மனம் உடையாதிருப்பதைப் பற்றியது. அதற்கு நேர் முன்னால் இருப்பது ‘ஆள்வினையுடைமை’, அதாவது முயற்சி. முதலில் செய்ய வேண்டியதைச் செய். அதன்பிறகு வருவதைக் கண்டு கலங்காதே என்று அந்த வரிசையே நமக்குச் சொல்லாமல் சொல்கிறது. நமது நோட்டிலும் இரண்டாம் பத்தி நிரம்பிய பிறகுதான் ஆறுதல் வரும்.

பற்றுப் பக்கம் மட்டும் எழுதலாமா?

எந்தப் பேரேட்டுக்கும் இரண்டு பக்கம் உண்டு. பற்றை மட்டும் எழுதி வரவை எழுதாமல் விட்டால் அந்தக் கணக்கை ஆடிட்டர் ஏற்பாரா? ஆனால் நம் மனம் அப்படித்தான் கணக்கு எழுதுகிறது. டேனியல் கானமன், அமோஸ் துவெர்ஸ்கி என்ற இரு அறிஞர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட நஷ்டம் தரும் வலி அதிகம் என்று காட்டினார்கள். ஏறத்தாழ இரு மடங்கு என்று 1992-இல் அவர்கள் கணக்கிட்டார்கள். கானமனுக்கு 2002-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. துவெர்ஸ்கி 1996-இலேயே காலமாகிவிட்டார்.

இதன் பொருள் என்ன? 500 ரூபாய் கூடுதலாகக் கிடைத்த நாளின் சந்தோஷம், 500 ரூபாய் கள்ள நோட்டு வாங்கி ஏமாந்த நாளின் துக்கத்தில் பாதிதான். 60 பேர் வந்து போன கடையில் ஒருவர் மட்டும் எடை குறைவு என்று சண்டை போட்டால், இரவில் அந்த ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். மனத்தின் தராசில் ஒரு தட்டு ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எடை சரியில்லாத தராசை வைத்துக்கொண்டு நாம் சரக்கு நிறுப்பதில்லை. அதேபோல, இரவு 10 மணிக்கு அந்த மனத் தராசை நம்பி ‘என் வியாபாரமே போயிற்று’ என்று முடிவு கட்டக் கூடாது.

ஆகையால் பக்கத்தின் அடியில் வரவும் எழுதுங்கள். 3 வரி போதும். ‘பழைய பாக்கியில் 700 வந்தது.’ ‘கல்லூரித் தெருவில் ஒரு வீட்டார் புதிதாக மாதச் சாமான் பட்டியல் கொடுத்தார்கள்.’ ‘தவறிக் கூடுதலாகக் கொடுத்த சில்லறையைக் கடைப் பையன் ஓடிப்போய்த் திரும்ப வாங்கி வந்தான்.’ இது நம்மை நாமே புகழ்ந்துகொள்வதன்று. நடந்ததை நடந்தபடி எழுதும் நேர்மையான கணக்கு. கணக்கு நேர்மையாக இருந்தால்தான் மறுநாள் கொள்முதலும் நிதானமாக இருக்கும். பயத்தில் வாங்குபவரும் ஆத்திரத்தில் விற்பவரும் நஷ்டப்படுவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே

நோட்டை மூடியதும் அது கடையிலேயே இருக்கட்டும். வழியில் ஏதாவது நினைவு வந்தால், ‘எழுதியாயிற்று, நாளை 11 மணிக்கு’ என்று மனத்துக்குப் பதில் சொல்லுங்கள். இரவில் வாட்ஸ்அப் குழுவில் வரும் சந்தை நிலவரத்தைப் பார்ப்பதை நிறுத்துங்கள். மண்டி திறக்கும்வரை அந்த விலையை வைத்துக்கொண்டு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. நடந்து போகும் தூரத்தில் வீடு இருந்தால் நடந்தே போங்கள்; நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்த உடம்புக்கும் நல்லது. வீட்டில் நுழைந்ததும் கை கால் முகம் கழுவும் நம் வீட்டுப் பழக்கமே ஒரு நல்ல எல்லைக்கோடு.

வியாபாரக் கஷ்டத்தை வீட்டில் சொல்லவே கூடாது என்பதும் தவறு. எதுவுமே தெரியாத மனைவி, கணவரின் கோபத்தை மட்டும் காண்கிறார். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு பிற்பகல் என்று வைத்துக்கொண்டு, நிலைமையை உள்ளபடி சொல்லுங்கள். சிக்கனத்துக்கும் யோசனைக்கும் வீட்டுப் பெண்களைவிட நல்ல கூட்டாளி கிடைக்கமாட்டார்.

நோட்டால் தீராதவை

எல்லாவற்றையும் ஒரு நோட்டு தீர்த்துவிடாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வருமானத்தைவிட வட்டி வேகமாக ஓடுகிறது என்றால் அது மனநிலைப் பிரச்சினை அன்று, பணப் பிரச்சினை. அதை மறைத்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதே பல குடும்பங்களைச் சாய்க்கிறது. அந்த நிலையில் எழுத வேண்டிய ‘அடுத்த வேலை’ ஒன்றுதான். யார் யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரே தாளில் எழுதி, நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமோ சங்கப் பொறுப்பாளரிடமோ காட்டுவது. அநியாய வட்டி கேட்டு மிரட்டுபவர்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. வெட்கப்பட்டு ஒளிவதைவிடச் சட்டத்தின் துணையை நாடுவது கௌரவம்.

அதேபோல, 2 வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் நாட்டமில்லை, எப்போதும் மனம் கனக்கிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்பிற்கும் மருந்து சாப்பிடுவது போலத்தான் இதுவும். ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் தாமதிக்க வேண்டாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பக்கத்துக் கடைக்காரர் சில நாளாகக் கடை திறக்கவில்லை, திறந்தாலும் யாரிடமும் பேசுவதில்லை என்றால், நாமே போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து விசாரிப்போம். சங்கம் என்பது கடையடைப்புக்கும் மாநாட்டுக்கும் மட்டும் ஏற்பட்டதன்று.

வணிகப் பெருமக்களே! ஆண்டுக்கொருமுறை மஞ்சள் குங்குமம் வைத்துப் புதுக்கணக்குப் போடுகிறோம். பழைய நிலுவை எல்லாம் தீர்ந்துவிட்டதாலா போடுகிறோம்? இல்லை. நிலுவையை முறையாக எழுதிப் புதுப் பக்கத்துக்கு எடுத்துப் போட்டுவிட்டுத்தான் தொடங்குகிறோம். அந்த வழக்கத்தை மனத்துக்கும் தினந்தோறும் கொண்டுவருவோம். இன்றிரவு ரொக்க இருப்பை எழுதிக் கோடு கிழித்த பிறகு இன்னும் 5 நிமிடம் உட்காருங்கள். நாளைக்கு உரியதை நாளைய பக்கத்தில் எழுதிவிட்டு ஷட்டரை இறக்குங்கள். வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பவர்களுக்கு முழு மனிதராகப் போய்ச் சேருங்கள்.